பச்சை என்றால் பயமில்லை என்று யார் சொன்னது?

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இந்த மலரில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். உற்சாகமூட்டுவதாக இருக்க வேண்டுமாம். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறவளிடம் வந்து உற்சாகம் கேட்டால் நான் எங்கே போவேன்? என்னிடம் இருப்பது எரிச்சல். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் அலைந்து அலைந்து சேர்த்த எரிச்சல். அதைத்தான் தர முடியும். வேண்டாதவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போகலாம். அதில் யாரோ ஒருவர் நிச்சயம் உங்களை வாழ்த்தியிருப்பார்.

நமது தொழில் என்ன? தொற்றுநோய் எங்கே, எப்போது, எவ்வளவு வேகமாகப் பரவும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது. ஊசி போடுவதில்லை, நாக்கை நீட்டச் சொல்வதில்லை. ஆனால் முனைவர் பட்டம் வாங்கிப் பெயருக்கு முன்னால் கலாநிதி என்று வந்த நாளிலிருந்து ஊரில் நான் டொக்டர். பக்கத்து வீட்டு அக்கா வேலியடியில் வைத்தே முழங்காலைக் காட்டுவா.

"அக்கா, நான் கணக்கு டொக்டர்."

"பரவாயில்லை பிள்ளை, பாத்துச் சொல்லு."

இதை நீங்களும் அனுபவிப்பீர்கள். இது சின்ன எரிச்சல், பழகிவிடும். பழகவே முடியாத எரிச்சல் ஒன்று இருக்கிறது. அது நிறங்களால் வருவது.

எலிக்காய்ச்சலுக்காக நான் ஒரு கணித மாதிரி செய்திருந்தேன். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் நிற்பவர்களுக்குக் காலில் உள்ள கீறல் வழியாகத் தொற்றும் காய்ச்சல் அது. வயலில் இறங்குவதற்கு முன்பே குளிசை, அதாவது தடுப்பு மாத்திரை, எடுத்தால் பெருமளவு தடுக்கலாம். ஆனால் குளிசை எல்லோருக்கும் காணாது. ஆகவே முதலில் எந்தப் பக்கம் அனுப்புவது என்று சொல்ல வேண்டும். என் கணித மாதிரி மழையையும் கடந்த வாரங்களின் நோயாளர்களையும் பார்த்து அதைச் சொன்னது. மாரி மழையில் விளையும் காலபோகத்துக்கு அது மோசமில்லை. ஆளைச் சாகவிடாத அளவுக்குச் சரியாகவே இருந்தது.

எலிக்காய்ச்சல் தடுப்புத் திட்டத்துக்குப் பொறுப்பாக ஒரு அதிகாரி இருந்தார். நல்ல மனிதர், கெட்டிக்காரர், எழுத்து என்றால் மட்டும் ஒவ்வாமை. நான் கொடுத்த அறிக்கையை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "மிஸ், இதை ஒரு படமாத் தாங்கோ. சிவப்பு, மஞ்சள், பச்சை. பாத்த உடன விளங்கோணும்" என்றார்.

"பச்சை வேண்டாம். பச்சையைக் கண்டால் சனம் ஒண்டுமில்லை எண்டு நினைக்கும்."

"சனத்துக்கு ஒரு நம்பிக்கை வேணும்தானே மிஸ்?"

இப்படித்தான் மூன்று மாவட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் காட்டும் வாராந்தப் படம் பிறந்தது. ஆஸ்பத்திரிகளிலும் விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையங்களிலும் ஒட்டினார்கள். படத்தின் அடியில் நான் இரண்டு வரி எழுதியிருந்தேன். இந்தக் கணிப்பு மழையையும் கடந்த வார நோயாளர்களையும் மட்டுமே பார்க்கிறது; பச்சை என்றால் ஆபத்து இல்லை என்று பொருளல்ல. அடுத்த வாரம் பார்த்தால், அந்த இரண்டு வரியும் இருந்த இடத்தில் உதவி செய்த அமைப்புகளின் இலச்சினைகள் வரிசையாக நின்றன. இடம் போதவில்லையாம்.

படம் ஊருக்குள் போன பிறகு நடந்தவற்றைக் கேட்டால் சிரிப்பீர்கள். நாயாற்றிலிருந்து ஒருவர், கடற்றொழிலாளர் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர், ஞாயிறு பூசை முடிந்த கையோடு எனக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், எங்கட பக்கம் மஞ்சள் போட்டிருக்கிறியள். போட் இறக்கலாமோ, வேண்டாமோ?"

அது காற்றுக்கும் கடலுக்கும் போட்ட மஞ்சள் இல்லை, எலிக்காய்ச்சலுக்குப் போட்டது என்று விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப எலிக்குத்தான் மஞ்சள். நாங்கள் போறம்" என்று வைத்துவிட்டார். அவரில் பிழையில்லை. மூன்று நிறத்தைக் கையில் கொடுத்தால் யாரும் தனக்குத் தெரிந்த அர்த்தத்தைத்தான் எடுப்பார்.

காலபோகம் முடிந்தது. படத்தை நிறுத்துவோம் என்றேன். காரணமும் சொன்னேன், கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். சிறுபோகம் வெயில் காலத்துப் பயிர். அப்போது வயலுக்குத் தண்ணீர் வருவது வானத்திலிருந்து அல்ல, இரணைமடுக் குளத்திலிருந்து. குளத்துக் கதவை எப்போது திறப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடித் தீர்மானிக்கும். திறப்பதற்கு முன் கமக்காரர் எல்லோரும் ஒன்றாக வாய்க்காலில் இறங்கிப் புல்லையும் ஊறிக் கிடக்கும் சேற்றையும் அள்ளுவார்கள். எலி வளைகள் அந்த வாய்க்கால் கரையில்தான் இருக்கின்றன. என் சமன்பாட்டுக்கு மழையைத் தெரியும். கூட்டம் போட்டு முடிவெடுப்பவர்களைத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்கத் தேவையான தரவும் என்னிடம் இல்லை.

"நிறுத்தேலாது மிஸ்," என்றார் அதிகாரி. "திட்டத்தில வருசம் முழுக்கப் படம் எண்டு இருக்கு."

எனவே சித்திரை வெயிலில் மூன்று மாவட்டங்களும் பச்சைப் பசேலென்று சுவர்களில் தொங்கின. அந்த மாதத்தில் வன்னி அப்படி ஒரு பச்சையைக் கண்டே இருக்காது.

இனித்தான் விசயம். எங்கள் அலுவலக வாகனத்தின் சாரதி மருதமுத்து. தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். இவர் இங்கேயே பிறந்து, முரசுமோட்டையில் சுகந்தியைக் கலியாணம் முடித்து, கொஞ்ச வயலும் செய்தார். வாகனத்தில் ஒரு தூசி இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வாராவாரம் என் படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஒட்டியவரும் அவர்தான். மற்றவர்கள் கோணலாக ஒட்டினால் பிய்த்து நேராக ஒட்டுவார்.

ஒருநாள் காலை வவுனியாவில் மூன்று மாவட்டத்துக்குமான கூட்டம். ஏ9 வீதியில் போய்க்கொண்டிருந்தோம். ஓமந்தைக்குக் கிட்ட வாகனம் இரண்டு முறை குலுங்கிக் கியர் முறுகியது. மருதமுத்துவின் கையில் கியர் முறுகி நான் கேட்டதில்லை.

"என்ன மருது, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை மிஸ். கெண்டைக்கால் இழுக்குது. கிளச் மிதிக்கேலாமக் கிடக்கு."

"காய்ச்சல் இருக்கோ?"

"முந்தநாள் தொடக்கம் காயுது. சுகந்தி கொத்தமல்லி அவிச்சுத் தந்தவ."

வாகனத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லி முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் சிவந்திருந்தன. கண் நோய்ச் சிவப்பல்ல. பீளையில்லாத, உலர்ந்த சிவப்பு. நான் நோயாளியைப் பார்க்கிற டொக்டர் இல்லைத்தான், ஆனால் இந்தக் காய்ச்சலைப் பற்றி இருபது பேருக்குப் பாடம் எடுத்தவள்.

"கொஞ்ச நாளுக்கு முன்னம் லீவு எடுத்தீர். எதுக்கு?"

"வாய்க்கால் துப்புரவு மிஸ். எங்கட துண்டை நாங்கள்தானே அள்ளோணும். போகாட்டிக் கூட்டத்தில பேர் சொல்லி ஏசுவினம்."

இறங்கி அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"இறங்கி இஞ்சால வாரும். நான் ஓடுறன். நேரா ஆஸ்பத்திரிக்கு."

"ஐயோ மிஸ், இது எலிக்காய்ச்சல் இல்லை. எங்கட பக்கம் பச்சை. படத்தை நான்தானே ஒட்டினனான்."

"மருது, அந்தப் படத்தைக் கீறினது ஆர்?"

"நீங்கள்தான்."

"அந்த நான்தான் சொல்லுறன், இது எலிக்காய்ச்சலா இருக்கலாம்."

"நீங்கள் இப்ப பதட்டத்தில சொல்லுறியள் மிஸ். படம் யோசிச்சுக் கீறினது."

இப்படியொரு நம்பிக்கையை எதிர்த்து என்ன செய்வீர்கள்? வீதியோரத்தில் நின்று கத்தினேன். நீர் என்ன விசரா என்று கேட்டேன். வாகனத்தை எனக்குத் தரமாட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர், கடைசியில் இறங்க முயன்றபோது கால் நிலத்தில் ஊன்றவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு இடப்பக்கம் ஏறினார். அந்தப் பெரிய வாகனத்தை நான் அதற்கு முன் ஓட்டியதே இல்லை. காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டிருந்தபோதும், "மிஸ், மூண்டாவது கியர்" என்று முனகிக்கொண்டே வந்தார்.

முதலில் கண்ட ஆஸ்பத்திரிக்குள் திருப்பினேன். வெளிநோயாளர் பகுதியில் சனம் நிரம்பி வழிந்தது. கடமையிலிருந்த டொக்டர் இளம் பெடியன், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டான். எங்கிருந்து வருகிறார் என்று கேட்டான். முரசுமோட்டை என்றேன். தலையைத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்தான். அங்கே என் படம் தொங்கியது, நேராக ஒட்டப்பட்டு.

"அந்தப் பக்கம் பச்சை மேடம். வைரஸ் காய்ச்சலா இருக்கும். பரசிற்றமோல் தாறன், குறையாட்டி வரச் சொல்லுங்கோ."

"தம்பி, அந்தப் படத்தைக் கீறினது நான்."

"அப்ப உங்களுக்கே தெரியும்தானே?"

நான் கீறிய படம் என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வரிசை நெருக்கியது. மருதமுத்து வேறு, "நான் சொன்னனான்தானே மிஸ்" என்பதுபோலப் பார்க்கிறார். படம் ஏன் பிழை என்று மழைக் கணக்கிலிருந்து தொடங்கி விளக்க எனக்கு வாய் துடித்தது. அப்படி விளக்கியிருந்தால் அந்தப் பெடியன் பணிவாகக் கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பான். இதைக் கவனமாகக் கேளுங்கள். நெருக்கடியில் நம் கணக்கை விளக்கப் போகக்கூடாது. எதிரே நிற்கிறவருக்குத் தெரிந்த வேலையை அவரிடம் கேட்க வேண்டும்.

"தம்பி, படத்தை விடுங்கோ. இவர் சேத்து வாய்க்காலுக்குள்ள நிண்டவர். கண்ணைப் பாருங்கோ. கெண்டைக்காலை ஒருக்கா அமத்திப் பாருங்கோ. அதுக்குப் பிறகும் வைரஸ் எண்டால் நான் கூட்டிக்கொண்டு போறன்."

அவன் குனிந்து அமத்தினான். மருதமுத்து போட்ட சத்தத்தில் வரிசையே அமைதியானது. கடைசியாக எப்போது சலம் போனது என்று டொக்டர் கேட்டான். நேற்று மத்தியானம் என்று பதில் வந்தது; இவ்வளவு நேரம் சிறுநீர் போகாவிட்டால் சிறுநீரகம் படுக்கிறது என்று பொருள். பிறகு அந்தப் பெடியன் படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலில் போட்டு, ஊசி ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ் சொன்னான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். நூறு பேருக்கு நடுவில் நின்றவனிடம் யாரோ ஒரு பச்சையைக் கொடுத்திருந்தார்கள்.

அம்புலன்ஸ் போனதும் கதிரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மருதமுத்து அள்ளியது மேல் வாய்க்கால். வயல்களின் கடைக்கோடியிலுள்ள கடைவாய்க்கால் துப்புரவு இனிமேல்தான். அந்த வாரக் கடைசியில் அந்தப் பக்கத்துக் கமக்காரர் அத்தனை பேரும் அதே சேற்றில் இறங்கப் போகிறார்கள். அவர்களுடைய குளிசை களஞ்சியத்தில் பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் பச்சையில் இருப்பதால்.

கூட்டத்துக்குப் பிந்திப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கடைவாய்க்காலில் இறங்குபவர்களுக்கு இன்றைக்கே குளிசை அனுப்பச் சொன்னேன். அதிகாரிக்கு மருதமுத்துவைத் தெரியும், உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு சொன்னார்:

"ஆனா மிஸ், படம் பச்சை சொல்லுது. பச்சைக்குக் குளிசை விட்டா, நாளைக்குக் கணக்காய்வுக்கு நான்தான் பதில் சொல்லோணும்."

"படம் பிழை எண்டு படத்தைக் கீறினவள் சொல்லுறன்."

"அப்ப லேசான வேலைதானே. அந்தப் பிரிவைச் சிவப்பாக்கித் தாங்கோ. இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

மடிக்கணினி என் முன்னால் திறந்தே இருந்தது. ஒரு நிறத்தை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? கை போனது, பொய் சொல்லமாட்டேன். ஊசி ஏறிய கையோடு கிடந்த மருதமுத்து கண்ணுக்குள் நின்றார். சிவப்பு போட்டால் இன்று மாலைக்குள் குளிசை போய்விடும். யாரும் கேட்கப்போவதில்லை.

ஆனால் மாதிரி சிவப்பு என்று சொல்லவில்லை. மாதிரிக்கு அந்த இடத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நான் இன்று நல்ல காரணத்துக்காகச் சிவப்புப் பூசினால், நாளை வேறொருவர் தன் காரணத்தோடு வந்து பச்சை பூசச் சொல்வார். அப்போது எந்த முகத்தோடு மறுப்பேன்? அதைவிட, அந்தச் சுவரைப் பார்த்து முடிவெடுக்கும் பெடியன்களுக்கு நான் இன்னொரு பொய்யைக் கொடுத்தவளாவேன். அந்தப் பிரிவிலிருந்த பச்சையை எடுத்துவிட்டேன். வேறு நிறம் போடவில்லை. திரையில் அந்தத் துண்டு சாம்பலாய் நின்றது.

"இதென்ன நிறம்?"

"தெரியாது எண்ட நிறம்."

"தெரியாது எண்டதுக்கு நிறம் இருக்கோ மிஸ்? மேலிடத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"எங்களுக்குத் தெரியாது எண்டு சொல்லுங்கோ. வாயால வராட்டி என்னைக் கூப்பிடுங்கோ, நான் வந்து சொல்லுறன்."

வேலை கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். குளிசையைச் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் போய் நிற்பதா என்றுகூட யோசித்தேன். அப்போது அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி வாய் திறந்தா. அவா கூட்டங்களில் பேசுவது அபூர்வம். பெரும்பாலும் தன் கோப்பைப் பார்த்தபடி இருப்பா.

"கணிப்பு இல்லாத இடங்களுக்கு ஆர் முடிவெடுக்கிறது? திட்டம் துவங்கேக்க ஒரு விதி வச்சனீங்கள்."

அதிகாரி யோசித்தார். தொடக்கத்தில் எல்லாப் பிரிவுகளுக்கும் படம் இருக்கவில்லை. படமில்லாத இடத்தில் அந்தப் பகுதி வைத்திய அதிகாரி தன் கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம் என்று அப்போது வைத்த விதி இன்னும் நீக்கப்படவில்லை.

"அது... நீங்கள்தான் டொக்டர்."

"அப்ப நான் குடுக்கிறன்," என்று எழுந்து வெளியே போய்ப் போன் எடுத்தா. கடைவாய்க்காலில் மண்வெட்டியோடு இறங்குவதற்கு முன்பே எல்லோர் கைக்கும் குளிசை போய்விட்டது. சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொல்லி, விழுங்கும்வரை நின்று பார்த்தார்களாம்.

மருதமுத்துவின் சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன. இயந்திரத்தில் போட்டு இரத்தம் சுத்திகரித்தார்கள். பல நாள் சுகந்தி வார்டு வாசலிலேயே இருந்தா. "படத்தில பச்சை எண்டுதானே மிஸ் சொன்னவர்" என்று என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னா, கோபமே இல்லாமல். அவா ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் பயந்துபோய் இருந்தேன். கடைசியில் ஒருநாள் அவருக்குச் சலம் போனது என்று தாதி வந்து சொன்னபோது நானும் சுகந்தியும் கட்டிப்பிடித்து அழுதோம். அவர் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "வாகனத்தில கீறல் ஏதும் விழுத்தினியளோ மிஸ்?" என்பதுதான். விழுத்தியிருந்தேன். சொல்லவில்லை.

எரிச்சல் இத்தோடு தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். போகம் முடிந்து மீளாய்வுக் கூட்டம் வந்தது. கடைவாய்க்கால் பக்கம் ஒருவருக்கும் எலிக்காய்ச்சல் வரவில்லை. உடனே ஒருவர் எழுந்து, "ஒருத்தருக்கும் வரேல்லையே, அப்ப அந்தக் குளிசை வீண்தானே?" என்று கேட்டார். நம் தொழிலில் இந்தக் கேள்வி உங்களைச் சாகும்வரை துரத்தும். வந்த நோயை எண்ணலாம். வராமல் போனதை எடுத்துக் காட்ட முடியாது. குளிசையால்தான் வரவில்லை என்று என்னாலும் நிரூபிக்க முடியாது. அதையும் அந்தக் கூட்டத்தில் சொன்னேன். சொன்னதற்காக இன்னும் கொஞ்சம் ஏச்சு வாங்கினேன்.

ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பச்சையைப் படத்திலிருந்து முற்றாக எடுத்தேன். தெரிந்த இடத்துக்குச் சிவப்பும் மஞ்சளும். தெரியாத இடத்துக்குச் சாம்பல். படம் அசிங்கமாக இருக்கிறது என்றார்கள். பெரும்பகுதி சாம்பலாக இருந்தால் உங்களுக்கு எதற்குச் சம்பளம் என்றும் ஒருவர் கேட்டார். அசிங்கமாகவே இருக்கட்டும் என்றேன்.

அடுத்த சிறுபோகத்தில் நான் ஓய்வுக்கு முந்திய விடுமுறையில் வீட்டில் இருந்தேன். காலை பத்து மணியளவில் மருதமுத்து போன் எடுத்தார்.

"மிஸ், எங்கட பக்கம் இந்தக் கிழமை என்ன நிறம்?"

"சாம்பல்."

"அப்பிடியெண்டா உங்களுக்கு ஒண்டும் தெரியாது."

"ஓம் மருது, எங்களுக்குத் தெரியாது."

"சரி மிஸ். அப்ப நான் சுகந்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன். காலமை தொடக்கம் காயுது, கால் நோகுது எண்டுறா."

நான் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். அது எலிக்காய்ச்சல்தான். நேரத்தோடு போனதால் ஊசியோடு முடிந்து, சுகந்தி தன் காலால் நடந்து வீடு வந்தா. இத்தனை வருடம் நான் கீறிய படங்களில் ஒழுங்காக வேலை செய்தது, நான் தெரியாது என்று விட்ட அந்த ஒரு துண்டுதான்.